'ஐ வில் கோ அண்ட் கம்' என்று சொன்னால் தப்பா?

வானகரம் மீன் மார்க்கெட்டுக்குக் கிளம்புறவர் வீட்டில் 'போறேன்' என்று சொன்னால் அபசகுனம். 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்லணும். அதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டால் 'ஐ வில் கோ அண்ட் கம்'. சென்னையில் எல்லாருக்கும் புரியும். இலங்கையிலும் புரியும், சிங்களத்தில் விடைபெறும் 'கிஹின் என்னம்' என்பதும் இதே அர்த்தம்தான்.

லண்டன்காரருக்குத்தான் குழப்பம். அவர்களிடமும் 'கோ அண்ட்' இருக்கு. 'கோ அண்ட் பை ஃபிஷ்' என்றால், போய் மீன் வாங்கு. போன இடத்திலேயே அடுத்த வேலை நடக்கும். 'கம்' எதிர்த்திசை என்பதால் அதோடு ஒட்டாது.

அமெரிக்கர்கள் 'அண்ட்'டையும் விட்டுவிட்டு 'கோ பை' என்பார்கள். ஆனால் இறந்த காலத்தில் அது செல்லாது. 'வென்ட் அண்ட் பாட்' என்றே வரணும்.

யாரும் எங்கேயும் நகராமலும் இது வரும். 'ஹி வென்ட் அண்ட் டோல்ட் ஹெர்' என்பதில் நம்ம 'போய்ச் சொல்லித் தொலைச்சிட்டான்' எரிச்சல் அப்படியே இருக்கு.

தமிழில் 'அண்ட்' தேவையே இல்லை. போய், வாங்கி, கழுவி, சமைத்து என்று வினையெச்சங்களாகவே கோத்துக்கொண்டு போகலாம். கடைசி வினை மட்டும் முற்று. தொல்காப்பியச் சொல்லதிகாரமே இதைப் பேசுகிறது.

ஆக, 'கோ அண்ட் கம்' தமிழ் இலக்கணப்படி பேசிய ஆங்கிலம். ஆனா இன்டர்வியூவிலோ வெளிநாட்டு கஸ்டமர் காலிலோ இதை வைத்தே ஒருவரைக் குறைச்சு எடை போட்டுவிடுவார்கள். அங்கே மட்டும் 'ஐ வில் பி ரைட் பேக்'.