பிடி அரிசி தாங்கிய கோபுரங்கள்

திருநெல்வேலிச் சீமையின் பழைய தேவாலயங்கள் மிஷனரிகள் கட்டிக்கொடுத்தவை என்கிறோம். அது பாதி உண்மை. அவற்றைக் காத்தது யார் என்று நாம் கேட்பதில்லை. மெய்ஞ்ஞானபுரத்தில் மிஷனரி ஜான் தாமஸ் எழுப்பிய தூய பவுல் ஆலயத்தின் கோபுரம் 192 அடி உயரம். தேரிச் செம்மண்ணில் அதைச் சுற்றி வாழ்ந்தவர்களில் பலர் பனையேறிகள். பதநீர்க் காலம் முடிந்தால் கையில் காசிராது. அதனால்தான் இப்பகுதிச் சபைகளில் காணிக்கை பண்டமாகவும் வந்தது. உலை வைக்குமுன் பெண்கள் எடுத்துவைத்த பிடி அரிசி, கருப்பட்டி, முட்டை, முருங்கைக்காய் எல்லாம் ஏலத்தில் பணமாயின. ஜான் தாமஸை அனுப்பிய சர்ச் மிஷனரி சொசைட்டியின் (சி.எம்.எஸ்.) செயலராக 1841 முதல் 1872 வரை இருந்த ஹென்றி வென், உள்ளூர்ச் சபைகள் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அந்தக் கொள்கைக்கு உயிர் கொடுத்தது இந்த அரிசிப் பானைதான்.

பிடி அரிசியால் கோபுரம் எழும்புமா என்று கேட்கலாம். வெளிநாட்டு நன்கொடையின் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் நன்கொடை வந்து நின்றுவிடும். உப்புக்காற்றும் மழையும் நிற்பதில்லை, சுண்ணாம்புப் பூச்சை அரித்துக்கொண்டே இருக்கும். ஓயாத செலவுக்கு ஓயாத வரவு வேண்டும். ஆராதனைக்குள் ஏலம் சந்தைக் குணத்தைக் கொண்டுவருகிறது, வசதியுள்ளவர் பெருமைக்கு இடமாகிறது என்ற குறையும் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. ஆயினும் ஒற்றை முட்டை கொடுத்த ஏழையும் கட்டடத்துக்கு உரியவரானது அந்த வழியில்தான். இன்று பழைய ஆலயத்தைப் புதுப்பிக்க நிதி திரட்டும் சபையார், பரணில் கிடக்கும் காணிக்கைக் கணக்கேடுகளையும் செல்லரிக்காமல் காப்பாற்றுங்கள்.