வீட்டுக்கு எந்த நர்ஸை அனுப்புவது? ஒரு குட்டி வரலாறு

1/ வயசான அப்பா அம்மாவுக்கு வீட்டுக்கே நர்ஸ் வரவைக்கிறீங்களா? யாரை அனுப்பணும்னு இப்போ பல இடங்கள்ல சாஃப்ட்வேர்தான் முடிவு பண்ணுது. ஊசின்னா ஊசி தெரிஞ்சவர், குளிப்பாட்டன்னா அதுக்கு ஒருத்தர். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இதை மட்டுமே குறிக்கோளா வெச்சா என்ன ஆகும்? வரலாற்றில் பதில் இருக்கு.

2/ லிவர்பூல், 1859. வில்லியம் ராத்போன் என்ற வணிகரின் மனைவி இறந்துபோகிறார். அவரை வீட்டிலேயே கவனித்துக்கொண்டவர் மேரி ராபின்சன் என்ற நர்ஸ். அதே நர்ஸுக்குச் சம்பளம் கொடுத்து, ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பினார் ராத்போன்.

3/ பலன் தெரிஞ்சது. ஆனா பயிற்சி பெற்ற நர்ஸுகள் போதவில்லை. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலிடம் யோசனை கேட்டு, லிவர்பூலில் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். நகரத்தை 18 பகுதிகளாகப் பிரித்தார்கள். பயிற்சியும் வேணும், அந்தத் தெருவும் தெரியணும். இதுதான் அடிப்படை.

4/ இப்போ நெதர்லாந்து, 1990கள். செலவைக் குறைக்க வீட்டுப் பராமரிப்பைத் துண்டு துண்டாக்கினார்கள். ஊசிக்கு 10 நிமிடம், குளிப்பாட்ட 15 நிமிடம், அழுத்தக் காலுறை மாற்ற இரண்டரை நிமிடம். எளிய வேலைக்குக் குறைந்த சம்பளக்காரர், கடினமான வேலைக்குத் தகுதி கூடியவர். ஒரே நோயாளி வீட்டுக்கு மாறி மாறிப் புது முகங்கள்.

5/ டாக்டரா சொல்றேன், இது ஆபத்து. கால் வீக்கம் நேத்தைவிட கூடியிருக்கா, பேச்சு குழறுதா என்பது நேத்தும் பார்த்தவருக்குத்தான் சட்டுனு தெரியும். மறதி நோய் உள்ளவருக்கோ புது முகமே பயம்.

6/ 2006-ல் ஜோஸ் டி பிளோக் என்ற நர்ஸ் 'பியூர்ட்சோர்க்' அமைப்பைத் தொடங்கினார். அக்கம்பக்கப் பராமரிப்புன்னு அர்த்தம். முதல் குழுவில் 4 நர்ஸுகள். குழு வளர்ந்தாலும் அதிகபட்சம் 12 பேர். யார் எங்கே போவதுன்னு அவர்களே பேசி முடிவு செய்வார்கள். சாஃப்ட்வேர் அங்கேயும் உண்டு, குழுவுக்கு உதவியா.

7/ ஆக, இப்படி சாஃப்ட்வேரை அமைக்கிறவங்க கவனத்துக்கு. தகுதி மீறக்கூடாத விதி: சிறுநீர்க் குழாய் மாற்றத் தெரியாதவரை அதுக்கு அனுப்பவே கூடாது. பயிற்சி காலாவதியானா பட்டியலிலிருந்து பெயர் தானா நீங்கணும். தகுதியுள்ளவர்களுக்குள், ஏற்கெனவே போனவருக்கே முதலிடம். பயணத் தூரமும் செலவும் அதுக்கப்புறம்.

8/ குடும்பத்தினர் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: "வர்றவருக்கு இந்த வேலையில் பயிற்சி உண்டா? மாசத்துக்கு எத்தனை பேர் மாறி வருவாங்க?" இரண்டாவதுக்குப் பதில் வரலைன்னா, வேற இடம் விசாரிங்க.