கணினிக் கடிகாரமும் மலாயாவின் நேர வரலாறும்

கணினிப் பதிவேடுகளில் தேதி நிரப்பப்படாத இடங்களில் 1970ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தோன்றுவதைப் பலரும் கண்டிருக்கலாம். யூனிக்ஸ் வழிவந்த கணினிகள் அந்நாளின் கிரீனிச் நள்ளிரவிலிருந்து காலத்தை நொடிகளாக எண்ணுகின்றன. எண்ணிக்கை சுழியமாயின் அந்நாளே திரையில் வந்து நிற்கும். சிங்கப்பூர் நேரத்தில் இயங்கும் கணினியில் அதனுடன் காட்டப்படும் நேரம் காலை 7.30. இன்று நாம் கிரீனிச்சுக்கு 8 மணி நேரம் முன்னால் இருப்பதால் 8.00 என்று வரவேண்டுமே என எண்ணி இதனைப் பிழையெனக் கருதும் நிரலாளர் உண்டு. கணினி கூறுவதே சரி. 1970இல் சிங்கப்பூரிலும் தீபகற்ப மலேசியாவிலும் கடிகாரங்கள் ஏழரை மணி வேறுபாட்டில்தான் ஓடின. இவ்வரை மணி நேர வேறுபாட்டைக் கணினி எங்ஙனம் அறிந்தது என்பதை ஆராய முற்படுகின்றது இக்கட்டுரை.

தேதியையும் நேரத்தையும் கையாளும் நிரலை ஒவ்வொரு நிரலாளரும் புதிதாக எழுதுவதில்லை. முன்னரே எழுதிச் சரிபார்க்கப்பட்ட நிரல்தொகுதியைத் தம் மென்பொருளினின்று அழைத்துப் பயன்படுத்துவர். அதனை நிரலகம் என்பர். இதில் நாள்காட்டி பற்றிய பகுதி கணிதத்திற்கு அடங்குவது. கல்வெட்டில் உள்ள திதி, நட்சத்திரம், கிழமை ஆகியவற்றைக் கொண்டு ஆங்கிலத் தேதியைக் காண எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1922இல் வெளியிட்ட ‘இந்தியன் எபிமெரிஸ்’ அட்டவணைகளை நம் துறையினர் நன்கு அறிவர். தாளில் அமைந்த நிரலகம் என்றே அதனைக் கூறலாம். நாகம் டெர்ஷோவிட்சும் எட்வர்ட் ரைன்கோல்டும் 1997இல் நூலாக்கிய கணிப்புமுறைகள் இந்திய நாள்காட்டிகளையும் உள்ளடக்கியவை.

கடிகார நேரமோ கணிதத்திற்கு அடங்காது. அது அரசாணைக்கு மட்டுமே கட்டுப்படும். எந்த ஊரில் எந்த நாளில் முள்ளை நகர்த்தினர் என்பதைச் சூத்திரத்தால் பெற இயலாது. ஆவணங்களைத் தேடித்தான் அறிய வேண்டும். 1980களில் அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய ஆர்தர் டேவிட் ஓல்சன் இதனை உணர்ந்து, நிரலையும் தரவையும் தனித்தனியே பிரித்தார். ஊர்தோறும் நிகழ்ந்த நேர மாற்றங்கள் எளிய உரைக்கோப்புகளில் தொகுக்கப்பட்டன. பின்னர் பால் எகெர்ட் அப்பணியைத் தொடர்ந்தார். கைப்பேசி முதல் வங்கிக் கணினி வரை இன்று பெரும்பாலானவை நம்பியிருப்பது இத்தரவுத்தொகுப்பையே.

அதில் சிங்கப்பூருக்கு உரிய வரிகள் ஒரு குறுவரலாறாகவே அமைந்துள்ளன. 1905 சூன் முதல் நாள் வரை கிரீனிச்சுக்கு 6 மணி 55 நிமிடம் 25 நொடி முன்னதான உள்ளூர்ச் சராசரி நேரம். அன்று முதல் முழு 7 மணி. 1933இல் பகலொளியை மிச்சப்படுத்தவென 20 நிமிடம் கூட்டப்பட்டது. 1936இல் 7 மணி 20 நிமிடம் என்பதே நிலையான நேரமாயிற்று. 1941 செப்டம்பரில் ஏழரை. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. மறுநாள் முதல் தோக்கியோ நேரமாகிய 9 மணி. 1945 செப்டம்பர் 12இல் மீண்டும் ஏழரை. சபா, சரவாக்குடன் ஒன்றுபடுத்தும் பொருட்டுத் தீபகற்ப மலேசியா 1982 சனவரி முதல் நாள் 8 மணிக்கு மாறியபோது சிங்கப்பூரும் உடன் மாறியது. 1981 டிசம்பர் 31 இரவு 11.30 ஆனதும் கடிகாரங்கள் நள்ளிரவுக்குத் தாவின. ஆதலால் அன்றிரவு 11.45க்குப் பிறந்ததாகச் சிங்கப்பூரில் ஒருவர் கூறினால், நல்ல நிரலகம் அதனை ஐயுற வேண்டும்.

இந்தியாவும் போர்க்காலத்தில் தன் நேரத்தை மாற்றியதால் சிக்கல் மிகுகின்றது. 1943 அக்டோபர் 21இல் கேத்தே மாளிகையில் சுதந்திர இந்திய அரசு அறிவிக்கப்பட்டபோது சிங்கப்பூரில் 9 மணி, இந்தியாவில் ஆறரை மணி. வேறுபாடு இரண்டரை மணி நேரம். இன்றைய வேறுபாடும் அதுவே! இன்றைய கணக்கை அப்படியே இட்டவருக்கும் விடை சரியாக வந்துவிடும். ஆனால் 1942 சூலைக்கு வேறுபாடு மூன்றரை மணி. 1950க்கு இரண்டு மணி. தற்செயலாகச் சரியாகும் இத்தகைய விடைகளே ஆய்வாளனுக்குப் பெருந்தீங்கு விளைப்பவை.

இத்தரவுகளின் மூலம் எது? பழைய காலத்திற்குப் பெரிதும் பயன்பட்டது தாமஸ் சாங்க்ஸ் தொகுத்த ‘இன்டர்நேஷனல் அட்லஸ்’. அது சோதிடர்களுக்காகத் தொகுக்கப்பட்ட நூல். பிறந்த நேரத்தைத் துல்லியமாக அறியவேண்டிய தேவை அவர்களுக்கே முதலில் இருந்தது. இலக்கினம் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை மாறுகின்றது. சப்பானியர் காலத்தில் மலாயாவில் பிறந்த குழந்தைக்கு இன்றைய 8 மணி வேறுபாட்டைக் கொண்டு சாதகம் கணித்தால் ஒரு மணி நேரம் பிழைக்கும். பிந்திய ஏழரையைக் கொண்டு கணித்தாலோ ஒன்றரை மணி நேரம். சோதிடத்தை நம்பாதவரும் இப்பதிவுகளுக்குக் கடன்பட்டவரே. அந்நூலின் உரிமையைப் பெற்றிருந்த அஸ்ட்ரோலேப் என்னும் சோதிட மென்பொருள் நிறுவனம் 2011 செப்டம்பரில் ஓல்சன், எகெர்ட் இருவர் மீதும் வழக்குத் தொடுத்தது. 2012 பிப்ரவரியில் அதனை மீட்டுக்கொண்டது. இடையில், 2011 அக்டோபரில், தரவுத்தொகுப்பு இணைய முகவரிகளை நிருவகிக்கும் அமைப்பின் பொறுப்பில் சேர்ந்தது.

சிங்கப்பூருக்கான செய்திகளோ 2003இல் உள்ளூர் ஆய்வாளர் ஒருவர் திரட்டியவற்றால் செம்மை பெற்றன. கோலாலம்பூரின் வரிகளும் அவர் திரட்டியவற்றையே தழுவின. அந்நகரின் பழைய வரிகளிலும் தோக்கியோ நேரம் 1942 பிப்ரவரி 16இலேயே தொடங்குகின்றது. கோலாலம்பூர் சப்பானியர் வசமானது அதற்கு ஐந்து வாரங்களுக்கு முன், சனவரி 11இல். பினாங்கு அதற்கும் முன்னர், 1941 டிசம்பரில். சிங்கப்பூர் வீழும் வரை அவ்வூர்களில் பழைய நேரமே நீடித்தது என்று கொள்வதற்கு இவ்வரிகள் சான்றாகா. அக்கால நாளிதழ்கள், தொடர்வண்டி அட்டவணைகள், தோட்டப் பதிவேடுகள் ஆகியவற்றில் விடை கிடைக்கக்கூடும்.

கிடைத்தாலும் அதனைப் பதிவதில் ஒரு தடை உள்ளது. 1970க்குப் பின் ஒரே நேரத்தைப் பின்பற்றிய ஊர்களை இணைப்பது தொகுப்பாளர்களின் விதி. அதன்படி 2022இல் கோலாலம்பூரின் தனி வரிகள் முதன்மைக் கோப்பினின்று நீக்கப்பட்டு, அப்பெயர் சிங்கப்பூருக்குச் சுட்டும் இணைப்பாக மட்டும் நின்றது. இரு நகரங்களின் பழைய உள்ளூர் நேரங்களுக்கு இடையில் இருந்த 8 நிமிடம் 39 நொடி வேறுபாடும் அதனுடன் மறைந்தது. நீக்கப்பட்டவை துணைக்கோப்பு ஒன்றில் உள்ளன. அதனைச் சேர்ப்பதும் விடுப்பதும் இயங்குதளத்தாரின் விருப்பம். கோலாலம்பூரின் சனவரி நாளை ஒருவர் சான்றுடன் நிறுவினாலும், அது சென்று சேரும் இடம் அத்துணைக்கோப்பே.