மைக்கேல் பாலிண்ட்

மைக்கேல் பாலிண்ட் (டிசம்பர் 3, 1896 - டிசம்பர் 31, 1970) அங்கேரியில் பிறந்து, பிற்காலத்தில் இங்கிலாந்தில் பணியாற்றிய உளப்பகுப்பாய்வாளர் ஆவார். மருத்துவர்களுக்கென இவர் உருவாக்கிய மேற்பார்வை முறை இவரது பெயரால் பாலிண்ட் குழு என்று அழைக்கப்படுகிறது.

வாழ்க்கைச் சுருக்கம்

பாலிண்ட் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். இவரது தந்தை அந்நகரில் பொது மருத்துவராக இருந்தார். மருத்துவம் பயின்ற பாலிண்ட், பெர்லினில் உளப்பகுப்பாய்வுப் பயிற்சியைத் தொடங்கி, புடாபெஸ்ட் திரும்பிய பின் சாண்டோர் ஃபெரன்சியிடம் அதைத் தொடர்ந்தார். 1930களில் அங்கு பொது மருத்துவர்களுக்கான கலந்துரையாடல் குழு ஒன்றை நடத்தினார். கூட்டங்களுக்குச் சாதாரண உடையில் வந்த காவலர் பேச்சைக் குறிப்பெடுத்ததால், எவரும் மனம்விட்டுப் பேச இயலாமல் அக்குழு கலைந்தது.

1939 இல் மான்செஸ்டருக்குக் குடிபெயர்ந்தார். அதே ஆண்டில் இவரது மனைவியும் உளப்பகுப்பாய்வாளருமான ஆலிஸ் காலமானார். 1945 இல் லண்டன் சென்ற பாலிண்ட், பின்னர் டாவிஸ்டாக் கிளினிக்கில் பணியாற்றினார். அங்கு மணவாழ்க்கைச் சிக்கல்களைக் கையாண்ட சமூகப் பணியாளர்களுடன் இயங்கிய ஈனிட் என்பவரை 1953 இல் மணந்தார். குழுப் பணியில் இருவரும் இணைந்து செயல்பட்டனர்.

மேற்பார்வை அணுகுமுறை

பயிற்சியாளர் தன் முதல் நோயாளியைப் பற்றி யாரிடம் கலந்து பேசுவது என்பதில் அக்காலத்தில் இரு மரபுகள் இருந்தன. பெர்லின் மரபில் மேற்பார்வையாளர் தனியொருவராக இருந்தார். புடாபெஸ்ட் மரபில் பயிற்சியாளரைப் பகுப்பாய்வு செய்பவரே அப்பணியையும் ஏற்றார். எனவே நோயாளி பயிற்சியாளரிடம் எழுப்பும் உணர்வுகளும் அங்கு ஆராயப்பட்டன. பாலிண்டின் முறைக்கு இம்மரபே அடிப்படையாகும்.

மருத்துவருக்கு எழும் எரிச்சல், சலிப்பு, இரக்கம் ஆகியவை மறைக்கவேண்டிய குறைகள் அல்ல. அவை நோயாளியைப் பற்றிய தகவல்கள் என்று பாலிண்ட் கருதினார். மருத்துவரும் ஒரு மருந்தே என்றும், அம்மருந்தின் அளவும் பக்க விளைவுகளும் அறியப்படவில்லை என்றும் வாதிட்டார்.

குழு இயங்கும் முறை

மருத்துவர்கள் சிறு குழுவாகக் குறித்த இடைவெளிகளில் கூடுவர். ஒருவர் தன்னைத் தொந்தரவு செய்யும் நோயாளி ஒருவரைப் பற்றிக் குறிப்பேட்டைப் பாராமல் கூறுவார். எதைக் கூறுகிறார், எதை மறந்தார் என்பவை இரண்டும் கவனிக்கப்படும். குழு நடத்துனர் விடை கூறுவதில்லை. அறிவுரை வழங்குவதும் இல்லை. மருத்துவரின் சொந்த வாழ்க்கை ஆராயப்படுவதில்லை. இதனால் இது உளச்சிகிச்சையிலிருந்து வேறுபடுகிறது.

ஒரு நோயாளி பல வல்லுனர்களிடம் அனுப்பப்படும்போது எவரும் முழுப் பொறுப்பை ஏற்காமல் போவதைப் பாலிண்ட் சுட்டிக்காட்டினார். நோயாளி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு மருத்துவரும் அறியாமலேயே வைத்திருக்கும் எதிர்பார்ப்பையும் அவர் ஆராய்ந்தார்.

வரம்புகள்

இம்முறை எல்லா மருத்துவர்களுக்கும் பொருந்தவில்லை. பலர் இடையிலேயே விலகினர். நீண்ட நேர்காணல்கள் அன்றாட மருத்துவத்தில் இயலாதவை என்ற சிக்கலும் இருந்தது. ஆகவே பிற்காலக் குழு, வழக்கமான சில நிமிடச் சந்திப்பிலேயே என்ன செய்ய இயலும் என ஆராய்ந்தது. இவ்வாய்வு பாலிண்டின் மறைவுக்குப் பின் 1973 இல் நூலாக வெளிவந்தது.

தாக்கம்

1957 இல் வெளியான 'மருத்துவர், அவரது நோயாளி, நோய்' என்ற பொருள்படும் தலைப்புடைய நூல் இவரது முதன்மைப் படைப்பாகும். 1969 இல் பிரித்தானியாவில் பாலிண்ட் சங்கம் நிறுவப்பட்டது. இன்று பல நாடுகளில் மருத்துவர்களுடன் செவிலியர், உளவியலாளர் ஆகியோருக்கும் இக்குழுக்கள் நடத்தப்படுகின்றன.