கோட்டைச் செலவும் நெல்வரியும்: ஜோர்ஜ் வோல் என்ற வணிகரின் கதை

வெள்ளிக்கிழமைகளில் பிரெட்ரிக் கோட்டையின் வாசலால் நுழைந்து கோணேசர் கோயிலுக்கு நடந்த நாட்கள் எங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்கள் வகுப்புப் படித்த தொண்ணூறுகளில், பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையைக் காட்டிய பிறகுதான் மேலே ஏறலாம். மான்கள் மட்டும் சோதனை எதுவுமின்றி எங்களோடு கூட வரும். கோட்டையைப் பற்றி நாங்கள் படித்தது பரீட்சைக்கு வேண்டிய அளவுதான். 1624 இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அந்தக் கல்லாலேயே கோட்டை கட்டினார்கள். பிறகு ஒல்லாந்தர் வந்தார்கள். 1795 இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். யார் யாரிடமிருந்து பிடித்தார்கள் என்பதை வரிசையாக ஒப்புவிப்போம். பிடித்த கோட்டையில் படையை வைத்திருக்கும் செலவை யார் கொடுத்தது என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

அந்தக் கேள்வியை 1864 இல் கேட்டவர்களில் முன்னின்றவர் ஜோர்ஜ் வோல் என்ற கோப்பி வணிகர். நூற்றாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, திருகோணமலையிலேயே பிறந்து வளர்ந்த ஒருவரைப் பற்றி எழுதுவதுதான் முறை என்று முதலில் எண்ணினோம். ஆனால் எங்கள் கோட்டையின் செலவுக் கணக்கைப் புரட்டப் புரட்ட, இந்த வெள்ளைக்காரரே திரும்பத் திரும்ப முன்னுக்கு வந்து நின்றார்.

வோல் 1846 இல் இலங்கைக்கு வந்தார். மலைநாட்டுக் காடுகள் வெட்டப்பட்டுக் கோப்பி பயிராகிக்கொண்டிருந்த காலம். தோட்ட நிருவாகத்தில் தொடங்கி, பிறகு தன் பெயரிலேயே வணிக நிறுவனம் ஒன்றை நடத்தினார். 1854 இல் கண்டியில் தோட்டத்துரைமார் சங்கம் உருவானது. அதன் தலைவராகப் பலமுறை இருந்தார். சட்டநிரூபண சபையில் உத்தியோகப்பற்றற்ற அங்கத்தவராகவும் அமர்ந்தார். இதற்கிடையில் பன்னங்களைச் சேகரித்து வகைப்படுத்தினார், வானியலும் பயின்றார். இலங்கைப் பன்னங்களின் பட்டியல் ஒன்றை 1873 இல் வெளியிட்டார். அந்தக் காலத்து மனிதர்களுக்கு நேரம் எங்கிருந்து கிடைத்தது என்று நாங்கள் வியப்பதுண்டு. வீட்டு வேலையை யார் செய்தார்கள் என்று யோசித்தால் வியப்புக் குறையும்.

சட்டநிரூபண சபை என்றதும் இன்றைய நாடாளுமன்றத்தை நினைக்கக் கூடாது. கோல்புறூக், கமரன் ஆகியோரின் சீர்திருத்தத்தின்படி 1833 இல் அமைந்த அந்தச் சபையில் உத்தியோகத்தர் ஒன்பது பேர், உத்தியோகப்பற்றற்றவர் ஆறு பேர். ஆறு பேரில் மூவர் ஐரோப்பியர். சிங்களவர், தமிழர், பறங்கியர் ஆகியோருக்கு ஆளுக்கொரு இடம். முஸ்லிம்களுக்கு 1889 வரை இடமே இல்லை. எல்லோரும் தேசாதிபதி நியமித்தவர்கள். எப்படி வாக்கெடுத்தாலும் ஒன்பது ஆறை வெல்லும்.

1860 களில் பிரித்தானியத் திறைசேரி கணக்குப் பார்க்கத் தொடங்கியது. கோப்பியால் இலங்கையின் வருமானம் பெருகிவிட்டது. எனவே இலங்கையில் நிற்கும் படையின் செலவை இலங்கையே ஏற்கட்டும் என்றது. வணிகர்களுக்கு இது பொறுக்கவில்லை. கோப்பி மூட்டைகள் கண்டியிலிருந்து கொழும்புக்கு மாட்டுவண்டியில் இறங்கிக்கொண்டிருந்தன. மிச்சப் பணம் தெருவுக்கும் புகையிரதப் பாதைக்கும் போக வேண்டும் என்பது அவர்கள் வாதம். (கொழும்பு - கண்டிப் பாதை 1867 இல்தான் திறந்தது.) படை யாருக்காக நிற்கிறது? திருகோணமலைத் துறைமுகத்தைக் காப்பது இலங்கைக்காகவா, இந்து சமுத்திரத்தில் பேரரசின் கப்பல்கள் ஒதுங்குவதற்காகவா?

இங்கேதான் எங்கள் ஊர் கதைக்குள் வருகிறது. உலகத்தின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தோம். ஆனால் கோப்பி வணிகருக்கு அதனால் பெரிய பயனில்லை. தோட்டங்களிலிருந்து வெகுதூரம், இடையில் காடும் காய்ச்சலும். திருகோணமலைக்குப் புகையிரதம் வந்ததே 1927 இல். கடற்படைக்கு வேண்டிய துறைமுகம் எங்களுடையது, வணிகத்துக்கு வேண்டிய துறைமுகம் கொழும்பு. ஒஸ்டன்பேர்க் முனையிலும் பிரெட்ரிக் கோட்டையிலும் பீரங்கியோடு நிற்பவர்களுக்குத் தங்கள் கோப்பிப் பணத்தில் சோறு போட வேண்டுமா என்று வணிகர்கள் கொதித்ததில் ஒரு நியாயம் இருந்தது என்றே நினைக்கிறோம்.

1864 நவம்பரில் உத்தியோகப்பற்றற்ற அங்கத்தவர்கள் கூட்டாகப் பதவி துறந்தார்கள். வோலுடன் நின்றவர்களில் முக்கியமானவர் பறங்கியர் சமூகத்து வழக்கறிஞரும் ‘எக்சாமினர்’ பத்திரிகையை நடத்தியவருமான சார்ள்ஸ் அம்புறோஸ் லொரன்ஸ். அடுத்த ஆண்டு ‘சிலோன் லீக்’ என்ற இலங்கைச் சங்கத்தை உருவாக்கினார்கள். உத்தியோகப்பற்றற்றோருக்குச் சபையில் பெரும்பான்மை வேண்டும், வரிப்பணம் எப்படிச் செலவாகிறது என்பதை அவர்கள் தீர்மானிக்க வேண்டும் என்பது கோரிக்கை.

லண்டன் மறுத்தது. மறுப்புக்குச் சொன்ன காரணம் சுவையானது. ஒரு சிறு வணிகக் கூட்டத்தின் கையில் இலட்சக்கணக்கான சுதேசிகளின் நலனை ஒப்படைக்க முடியாது என்றார்கள் குடியேற்ற நாட்டு அலுவலகத்தார். அந்தச் சுதேசிகளைக் கேட்டுப் பார்க்கும் எண்ணம் அவர்களுக்கும் இல்லை. ஆனாலும் சொன்னது பொய்யல்ல. தோட்டத்துரைமாரும் வணிகரும் பேசிய உரிமை, முதலில் தங்கள் பணப்பைக்கான உரிமை. லீக் சில ஆண்டுகளில் ஓய்ந்துபோனது.

வோலின் கதை இத்தோடு முடிந்திருந்தால் நாங்கள் அவரைப் பற்றி எழுதியிருக்க மாட்டோம். 1869 இல் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் புள்ளிகள் தோன்றின. இருபது ஆண்டுக்குள் அந்தப் பூஞ்சண நோய் இலங்கைக் கோப்பியை அழித்துவிட்டது. வோலின் நிறுவனமும் வீழ்ந்தது. முதுமையில், கையில் பெரும் பணம் இல்லாத நிலையில், அவர் எடுத்துக்கொண்ட விடயம் நெல்வரி.

நெல்வரி பற்றி எங்கள் மாவட்டத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் மூதூர்ப் பக்கத்திலும் வயல் பார்த்து வளர்ந்த மாணவிகள் எங்கள் வகுப்பில் பாதிப்பேர். விளைந்தாலும் பொய்த்தாலும் வாய்க்கால் வேலையும் விதைநெல் கடனும் நிற்காது என்பது அவர்கள் வீட்டில் கேட்ட பேச்சு. 1878 இன் சட்டம் விளைச்சலில் பங்கு கேட்கும் பழைய முறையை மாற்றி, காசாக ஒரு நிலையான தொகையைக் கட்டாயமாக்கியது. மழை பொய்த்த ஆண்டிலும் தொகை மாறாது. கட்ட முடியாதவனின் வயல் ஏலத்துக்குப் போகும். சிறு தொகைப் பாக்கிக்காகப் பரம்பரைக் காணி கைமாறியது.

நுவரெலியாவின் உதவி அரசாங்க அதிபராக இருந்த லே மெசூரியர், வலப்பனை, உடஹேவாஹெட்ட பகுதிகளில் வயலிழந்த குடும்பங்களுக்கு என்ன நடந்தது என்று விசாரித்து எழுதினார். வெளியேற்றப்பட்டவர்களில் பெருந்தொகையானோர் பட்டினியாலும் அதன் விளைவுகளாலும் இறந்தார்கள் என்பது அவர் கண்டது. அரசாங்கத்தில் வேறு சிலர் அதை ஏற்கவில்லை. அவர்கள் பட்டினியால்தான் இறந்தார்கள் என்று எப்படிச் சொல்வது என்றார்கள்.

எங்களில் மருத்துவரானவர்களுக்கு இந்தச் சர்ச்சை புதிதல்ல. மரணத்தின் காரணம் என்ற இடத்தில் பட்டினி என்று எழுதப்படுவது மிக அரிது. வயிற்றோட்டம் என்று எழுதுவோம், நியூமோனியா என்று எழுதுவோம், காய்ச்சல் என்று எழுதுவோம். எதுவும் பொய்யில்லை. ஆறு மாதம் அரைவயிறு உண்ட பிள்ளையை எந்தக் கிருமி கடைசியில் கொண்டுபோகிறது என்பதைத்தான் படிவம் கேட்கிறது. அந்த ஆறு மாதத்தை எழுத அதில் கட்டம் இல்லை.

வோல் அந்த அறிக்கையைக் கையில் எடுத்தார். பத்திரிகையில் எழுதினார், பிரித்தானியாவில் சுதந்திர வணிகம் பேசிய கொப்டன் கழகத்தாரிடம் கொண்டுபோனார். உணவின் மீது வரி கூடாது என்பது அந்தக் கழகத்தின் பழைய கொள்கை. இலங்கை நெல்வரி அவர்களுக்குச் சரியான உதாரணமாயிற்று. தேசாதிபதி ஆர்தர் கோர்டன் வரியை விட விரும்பவில்லை. அவருக்குப் பின் 1890 இல் வந்த ஹவ்லொக் காலத்தில், 1892 இல் நெல்வரி ஒழிக்கப்பட்டது. வோல் 1894 இல் இறந்தார். கொழும்பில் அவர் பெயரில் ஒரு நினைவு நீரூற்று உண்டு. பல்கலைக்கழகம் போன காலத்தில் யாருடையது என்று தெரியாமல் நாங்களும் அதைக் கடந்து போயிருக்கிறோம்.

இப்படிச் சொன்னால் பணத்துக்காகத் தொடங்கி மனிதருக்காக முடித்தவர் என்ற அழகான கதை கிடைக்கிறது. எங்களுக்குள் இதைப் பற்றி வாக்குவாதமே நடந்தது. மலைநாட்டு வைத்தியசாலையில் பல ஆண்டு பணிபுரிந்த எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, “நெல்வரிக்கு அழுதவர் தோட்டத்துச் சனத்துக்கு எப்போதாவது அழுதாரா?” என்று கேட்டாள். வோல் தலைமை தாங்கிய சங்கம் தோட்டத்துரைமாரின் சங்கம். தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள் வாந்திபேதியிலும் வயிற்றுளைச்சலிலும் வழியிலேயே விழுந்தார்கள். தோட்டங்களுக்கு வைத்திய வசதி வேண்டும் என்று சட்டம் வந்தது 1872 இல். அதன் செலவு யார் தலையில் என்பதில் துரைமார் அரசாங்கத்தோடு இழுபறிப்பட்டார்கள். கடன் தீர்ந்தால்தான் வேறு தோட்டத்துக்குப் போகலாம் என்ற துண்டு முறை 1921 வரை நீடித்தது. கோட்டைச் செலவைப் பற்றிச் சபையில் அத்தனை பேச்சுப் பேசியவர்களின் பணம், இந்தக் கால்களால் வந்த பணம். அந்தக் கால்களுக்குச் சபையில் ஆசனம் இல்லை.

நாங்கள் தோழியின் பக்கம்தான். ஆனாலும் வலப்பனையில் வயல் போனவனுக்காக அன்று சபைக்கு வெளியே நின்று பேசியவர்கள் அதிகம் பேர் இல்லை என்பதும் கணக்கில் வர வேண்டும்.

இன்னொன்றையும் அவளே சொன்னாள். 1892 இல் நீங்கியது உள்ளூர் நெல்லின் வரி. இறக்குமதி அரிசியின் தீர்வை நீங்கவில்லை. தோட்டத்து லயன்களில் அன்று உலையேறியது பெரும்பாலும் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த அரிசி.