மன்னிப்பு யாரிடம் கேட்பது?

பத்திரிகை தவறு செய்தால் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? காசு கொடுத்து வாங்கும் வாசகருக்கா? உரிமம் கொடுக்கும் அமைச்சுக்கா? மலேசியத் தமிழர்களுக்கு இந்தக் கேள்வி 2007இல் வீட்டு வாசலுக்கே வந்தது.

அவ்வாண்டு ஆகஸ்டு 21ஆம் தேதி, கோலாலம்பூர்த் தமிழ் நாளிதழான 'மக்கள் ஓசை'யின் முதல் பக்கத்தில் இயேசு கிறிஸ்துவின் படம் ஒன்று வெளியானது. ஒரு கையில் சிகரெட், மறு கையில் பீர் டின்! கிறிஸ்தவர்களின் மனம் புண்பட்டது. தவறு நேர்ந்துவிட்டது என்று நாளிதழ் மன்னிப்புக் கேட்டது. கத்தோலிக்கப் பேராயர் மர்பி பாக்கியமும் அதைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார்.

புண்பட்டவர்கள் மன்னித்துவிட்டார்கள். விவகாரம் அத்துடன் முடிந்ததா? இல்லை. அதே வாரத்தில் உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சு, நாளிதழை ஒரு மாதத்திற்கு நிறுத்தி வைத்தது. படத்தைப் போட்டவர்கள் சிலர். பத்திரிகையை இழந்தவர்களோ வாசகர்கள் அனைவரும்.

அமைச்சின் கையில் இருந்தது, 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம். 1987 அக்டோபரில் 'ஓப்பராசி லாலாங்' கைது நடவடிக்கையின்போது 'தி ஸ்டார்', 'சின் சியூ ஜிட் போ', 'வத்தான்' ஆகிய மூன்று ஏடுகளின் உரிமத்தைப் பறித்ததும் இதே சட்டம்தான். 1988 மார்ச்சில்தான் அவை மீண்டும் வெளிவந்தன. 2006இல் டென்மார்க் கேலிச்சித்திரத்தை மறுபிரசுரம் செய்த 'சரவாக் டிரிபியூன்' காலவரையின்றி நிறுத்தப்பட்டது.

இங்கேதான் சிக்கல். கவனக்குறைவான படத்துக்கும், ஆட்சியாளருக்குக் கசக்கும் செய்திக்கும் ஒரே பூட்டு! அப்படியானால் ஆசிரியர் மேசையில், "இது உண்மையா?" என்ற கேள்விக்கு முன்பே, "இதனால் உரிமம் போய்விடுமா?" என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொள்ளும். அச்சம் வளரும்; நேர்மை வளராது.

ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்ற விதி 2012இல் நீக்கப்பட்டது. பல்லாண்டுகளாகப் பேசப்பட்ட மலேசிய ஊடக மன்றத்திற்கான சட்டம் 2025இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பொதுமக்களின் புகாரை விசாரிக்க இப்போது ஒரு வழி பிறந்திருக்கிறது. ஆனால் 1984ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் போகவில்லை.

சட்டம் மாறும்வரை பத்திரிகைகள் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் பக்கத்தில் செய்த தவறை முதல் பக்கத்திலேயே திருத்தலாம். உள்பக்க மூலையில் ஒளித்து வைக்கும் வருத்தம், வருத்தமாகாது. வாசகர்களும் தவறைக் கண்டால் எழுதிக் கேட்க வேண்டும். வாசகர் கேட்காத இடத்தில்தான் அமைச்சு கேட்க வருகிறது!