ஆத்தூர் வட்டாரமும் கொடகனாற்றுப் படுகையும்: திண்டுக்கல் சமவெளியில் கல்வி, தொழில், நலவாழ்வு

திண்டுக்கல் சமவெளியின் நலவாழ்வு வரலாற்றில் 1947 ஒரு திருப்பமாகும். அவ்வாண்டு அக்டோபரில், நெசவாளர் ஊரான சின்னாளபட்டியை அடுத்து, மருத்துவர் சௌந்தரமும் அவருடைய கணவர் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தை நிறுவினர். டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகளான சௌந்தரம் இளம் வயதிலேயே முதல் கணவரை இழந்தவர். அதன் பின்னரே தில்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் படித்து, 1940இல் மறுமணம் செய்துகொண்டார். கைம்மைக்குள் அடங்கியிருக்கும்படி சமூகம் வகுத்த வாழ்வைக் கல்வியால் மாற்றிக்கொண்ட இவர், சிறு மருத்துவ நிலையமாகத் தொடங்கிப் பின்னாளில் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்த பணியோடு கிராமப் பெண்களுக்கான பயிற்சியையும் இணைத்தது தற்செயலன்று.

அப்பயிற்சியின் தேவை பேறுகால நடைமுறைகளில் தெளிவாகத் தெரிந்தது. வீட்டிலேயே பிள்ளைப்பேறு நடந்த அக்காலத்தில், பேறு பார்த்த மருத்துவச்சி அரிவாளோ பிளேடோ கைக்குக் கிடைத்ததைக் கொண்டு தொப்புள்கொடியை அறுப்பதும், அப்புண்ணின் வழியே கிருமி புகுந்து குழந்தை உடல் விறைத்து இறக்கும் ரணஜன்னி நோய் வருவதும் நாட்டின் பல பகுதிகளில் பரவலாக இருந்தன. தூய்மையான கத்தி இந்நோயைத் தடுக்கப் பெரிதும் உதவும் என்றாலும், அதனைச் சொல்பவர் ஊரார் நம்பும் பெண்ணாக இருந்தாலொழிய அறிவுரை வாசற்படியைத் தாண்டுவதில்லை. 1959இல் ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியுடன் ஆத்தூர் ஒன்றியத்தில் தொடங்கிய முன்னோடி நலத்திட்டம் இந்த உண்மையின்மீதே கட்டப்பட்டது. ஊர்மக்கள் யாருடைய சொல்லைக் கேட்கின்றனரோ அவர்களை இனங்கண்டு, அவர்கள் வழியாகவே தாய்சேய் நலமும் குடும்பநலமும் பேசப்பட்டன. அதிலிருந்தே 1964இல் காந்திகிராம ஊரக நல, குடும்பநல நிறுவனம் உருவாயிற்று.

தாயின் பள்ளிப்படிப்பு குழந்தையின் உயிரைக் காக்கும் தனிக்காரணியாக இயங்குகிறது என்பதை மக்கள்தொகை அறிஞர் ஜான் கால்ட்வெல் நைஜீரியத் தரவுகளைக் கொண்டு 1979இல்தான் எழுதினார். ஆத்தூரில் அது கோட்பாடாக எழுதப்படவில்லை, நடைமுறையாக இருந்தது. 1962இல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்ற சௌந்தரம் மத்திய சுகாதாரத் துறையில் அல்லாமல் கல்வித் துறையில் துணை அமைச்சரானதும் இங்குக் கருதத்தக்கது.

ஆயினும் கல்வியின் ஆற்றலுக்கு எல்லையுண்டு என்பதற்குச் சான்றும் இதே சமவெளியில்தான் உள்ளது. திண்டுக்கல்லைச் சூழ்ந்த தோல் பதனிடும் தொழில் முன்பு ஆவாரம்பட்டையை நம்பியிருந்தது. அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை 1970களில் அரசு கட்டுப்படுத்தி, முழுமையாக்கிய தோலை ஊக்குவித்ததையொட்டிக் குரோமிய உப்பு கொண்டு பதனிடும் முறை பரவிற்று. ஒரே தோலை ஊறவைக்கவும் அலசவும் மீண்டும் மீண்டும் நீர் வேண்டும். அவ்வாறு வெளியேறிய கழிவுநீரின் உப்பு கொடகனாற்றுப் படுகையின் கிணறுகளில் இறங்கியது. அக்கிணற்று நீரைக் குடிக்கும் தாய் பட்டதாரியாக இருந்தாலும் நீரின் உவர்ப்பு குறையாது. உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் மாசுபடுத்துபவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்று, தோல் தொழிற்சாலைகளுக்குத் தண்டம் விதித்தபோது, அதில் திண்டுக்கல் மாவட்டத்துத் தொழிற்சாலைகளும் அடங்கின. திண்டுக்கல் நகரமோ நெடுங்காலமாகத் தன் குடிநீருக்கு ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கத்தை நாடியுள்ளது.

நூற்பாலைகள் மற்றொரு முரணைக் காட்டுகின்றன. சில ஆண்டு வேலைக்குப் பின் மொத்தத் தொகை தருவதாகக் கூறிப் பருவப் பெண்களை விடுதியில் தங்கவைத்து வேலைவாங்கிய 'சுமங்கலி' முறை, வரதட்சணைக்குப் பணம் சேர்க்கும் வழியாகவே குடும்பங்களுக்குத் தோன்றியது; படிப்பு இடையில் நின்றதும், பஞ்சுத்தூசியால் மூச்சுத்தொல்லை வந்ததும் அக்கணக்கில் சேரவில்லை. வேண்டாத பெண்சிசுவைக் கொல்லாமல் அரசிடம் ஒப்படைக்க வழிசெய்த தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் விரிவாக்கப்பட்ட மாவட்டங்களுள் திண்டுக்கல்லும் ஒன்று என்பதை இதனோடு சேர்த்தே படிக்க வேண்டும், ஏனெனில் பெண்சிசுவை மறுத்த வீட்டின் அச்சமும் மகளை ஆலைக்கு அனுப்பிய வீட்டின் அச்சமும் வரதட்சணை பற்றிய ஒரே அச்சமே.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இம்மாவட்ட ஆண்களின் எழுத்தறிவு ஏறத்தாழ 84 விழுக்காடாகவும் பெண்களின் எழுத்தறிவு 68 விழுக்காடாகவும் பதிவாயின. காந்திகிராமம் தோன்றி அறுபத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின்னரும் அவ்விடைவெளி 16 விழுக்காட்டுப் புள்ளிகளாக நின்றது.